அண்ணன் பிடுங்கச் சொன்ன செடி

அன்புள்ள அண்ணன் ஏகாம்பரத்துக்கு,

கடிதத்தை 'அன்புள்ள' என்றுதான் தொடங்க வேண்டும் என்று பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் அப்படியே தொடங்கியிருக்கிறேன். இதற்குமேல் வரப்போவதற்கும் அந்தச் சொல்லுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமா என்பது எனக்கே தெரியவில்லை.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டேன். இன்று 'நீ' என்று எழுதுகிறேன். எழுந்து வந்து "இன்னாடா, வாய் நீளுது?" என்று உன்னால் கேட்க முடியாது என்பதை இரண்டு முறை எனக்குள் சொல்லிக்கொண்ட பிறகே எழுதினேன். அப்படியும் முதல் தடவை எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

வாசகசாலை மாத இதழுக்காக உன்னைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். "செத்தவங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போடுங்க சார், போதும்" என்றார் ஆசிரியர். யோசித்துப் பார்த்தேன். உழைப்பாளி. நேரம் தவறாதவன். மாட்டை அடிக்காதவன். நாலாவது கிடைக்கவில்லை. அதனால் உன்னைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு உனக்கே எழுதுகிறேன். அவர்கள் அச்சிட்டால் அச்சிடட்டும்.

மாட்டை அடிக்காத நீ என்னிடம் மட்டும் ஏன் அப்படி நடந்துகொண்டாய்?

பட்டணத்துக் காலேஜில் நான் தாவர சாஸ்திரம் படித்தபோது ஒரு கோடை விடுமுறைக்கு அறுபது செடிகளைக் காகிதத்தில் அழுத்திக் கட்டி எடுத்து வந்தேன். ஒவ்வொன்றிலும் பெயர், பறித்த இடம், நாள், மண்ணின் நிறம் எல்லாம் எழுதியிருந்தேன். மறுநாள் கட்டு அவிழ்ந்து மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. "கன்னுக்குட்டி தின்னுச்சுடா. நல்லாதான் கீதாம், இன்னும் இருந்தா கேக்குது" என்றாய். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று சிரித்ததற்காக உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட என்மேல் இருக்கும் கோபம் அதிகம். ஆனால் உன்மேல் இருப்பதும் குறைவில்லை.

அது போகட்டும். நான் எழுத வந்தது அந்த ஒரே ஒரு செடியைப் பற்றி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும், நீ பொறுத்துக்கொள். பருத்திப்பட்டு ஏரிப் பாசனத்தில் உனக்குப் பூசணிக் கொல்லையும் கத்திரிப் பாத்திகளும் இருந்தன. வரப்புப் புதர், வேலிப் புதர், ஓடைக்கரைப் புதர் எதையும் நீ விட்டுவைக்கவில்லை. வெட்டி எரித்தாய். கொல்லை பார்க்கச் சுத்தமாக இருந்தது. தேனீயும் வண்டும் தங்குவதற்கு ஒரு தழைகூட இல்லை. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றின் தூளை மற்றதற்குக் கொண்டுபோக யாராவது வேண்டும். வண்டு வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். அதனால் அண்ணி தினமும் விடியலில், பனி சொட்டும் கொடிக்குள் குனிந்து, ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துப் பெண் பூவின் நடுவில் தேய்த்துக்கொண்டு போவார். வருஷக்கணக்காக அவர்தான் உன் கொல்லைக்குத் தேனீ. நீ அதைக் கவனித்ததுண்டா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதம் உன்னிடம் வந்தேன். பூந்தமல்லியிலிருந்து நடந்து வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கிணற்றுக்கும் பூசணிக் கொல்லைக்கும் நடுவில் சரளை நிறைந்த கரம்புத் துண்டு ஒன்று சும்மா கிடந்தது. நீ மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்துக்கொண்டிருந்தாய்.

"அண்ணாத்தே, அந்தத் துண்டு சும்மாதான கீது. எனக்குக் குடுங்க."

"இன்னாத்துக்கு? ஊடு கட்டப் போறியா?"

"பூ வெக்கணும்."

"எந்தக் கோயிலுக்கு?"

"கோயிலுக்கு இல்ல. தேனீக்கு."

நீ சிரித்த சிரிப்பில் கவலை மாடு இரண்டும் நின்று திரும்பிப் பார்த்தன. "தனம், கேட்டுக்கினியா? நம்ம வாத்தி தேனீக்குப் பள்ளிக்கூடம் வெக்கிறாராம். டேய், ஆஜர் எடுப்பியா? வராத தேனீய பெஞ்சு மேல ஏத்துவியா?" என்றாய். அண்ணி வாய்க்காலில் நின்று சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. "துண்டு கெடக்கட்டும், குடுத்துடுங்க. கல்லுல இன்னா வெளையப் போவுது" என்றார். அப்படித்தான் கிடைத்தது. நீ கொடுத்ததாக நீ சொல்லிக்கொண்டாய்.

தும்பை வைத்தேன். துளசி, கிலுகிலுப்பை வைத்தேன். இவை போதாது என்று எனக்குத் தோன்றியது. வருஷா வருஷம் விதைக்க வேண்டாத, கோடையில் காய்ந்தாலும் வேரில் உயிர் வைத்திருந்து மழைக்குத் துளிர்க்கிற ஒரு பூ வேண்டும். இந்த மண்ணிலேயே பிறந்ததாக இருக்க வேண்டும். கிரந்திநாயகம் என்று ஒன்று உண்டு. வெளிறிய ஊதாப் பூ, புனல் மாதிரி, விடியலில் விரிந்து நடுப்பகலுக்குள் உதிர்ந்துவிடும். காய் முற்றிக் காய்ந்த பிறகு அதன்மேல் ஈரம் பட்டால் பட்டென்று வெடிக்கும். என் இங்கிலீஷ் தாவரப் புத்தகத்தில் அதன் விவரம் முழுவதும் இருந்தது. கரம்பிலும் கல்லாங்குத்திலும் வளரும் என்று போட்டிருந்தது.

அதை நான் கண்டுபிடித்தது பூந்தமல்லியில் யாரும் குடியில்லாத ஒரு பழைய துரை பங்களாவின் வேலியோரத்தில். இந்த மண்ணின் செடி எதற்காகத் துரை பங்களாவைச் சுற்றி மட்டும் வளர வேண்டும் என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பூவை அளந்தேன். புத்தகத்தில் ஒரு அங்குலம் என்றிருந்தது. என் அளவுகோலில் இரண்டு அங்குலம் காட்டியது. அளவுகோலைச் சந்தேகித்தேன். வேறு அளவுகோல் வாங்கினேன். அப்போதும் இரண்டு. என் கண்ணைச் சந்தேகித்தேன். பிறகு, பங்களாவில் ஒரு காலத்தில் குதிரை கட்டியிருப்பார்கள், மண்ணில் எருச்சத்து அதிகம், அதனால் பூ பெருத்துவிட்டது என்று நோட்டில் எழுதிவைத்தேன். எல்லாவற்றையும் சந்தேகித்தேன், செடியைத் தவிர.

ஒரே ஒரு காரியம் செய்திருந்தால் போதும். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்திருக்க வேண்டும். நம் நாட்டுச் செடிக்குக் கட்டையான வேர், கிழங்கு கிடையாது. அமெரிக்கா தேசத்திலிருந்து துரைமார் தோட்டத்துக்கு வந்து வேலி தாண்டிய இன்னொன்று இருக்கிறது, அச்சில் வார்த்ததுபோல் அதே சாயல். அதற்குத்தான் வேரில் விரல் விரலாகக் கிழங்கு. புத்தகம் இதையும் சொல்லியிருந்தது. ஆனால் பிடுங்கினால் செடி செத்துவிடுமே என்று பயந்தேன். உயிரோடு இருக்கிற ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கும் துணிச்சல் எனக்கு எந்த விஷயத்திலும் இருந்ததில்லை.

விதை போட்டேன். வளர்ந்தது. ஒரே மழைக்காலத்தில் துண்டு முழுவதும் ஊதாவாகிவிட்டது. தேனீ வந்தது, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன வண்டுகள் வந்தன, நீல வண்ணத்துப்பூச்சிகள் இலையில் முட்டை வைத்தன. துண்டில் மேய்ந்துவிட்டு அவை பூசணிக்கும் போயின. அந்த வருஷம் பிஞ்சு உதிரவில்லை. அண்ணி விடியலில் கொல்லைக்குப் போவதை நிறுத்தினார். "முட்டி வலி கொறஞ்சிக்கீது தம்பி" என்று ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னார். மழை நன்றாகப் பெய்ததும் காரணமாக இருக்கலாம். ஒரு வருஷத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் நீ ஊரில் என்ன சொன்னாய்? "இந்தத் தபா ஏரி வண்டல் அடிச்சேன், அதான் காய்ப்பு." என் துண்டைப் பற்றி நீயாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது கேட்டால்: "ஊதாப் பூவா? அது நம்ம வாத்தி பொழுதுபோவாம வெச்சிக்கினு கீறான்."

அடுத்த மழைக்காலத்தில் அது கத்திரிப் பாத்தியில் முளைத்தது.

காய் நனைந்து வெடித்தால் விதை பல அடி தூரம் தெறிக்கும். ஈரம் பட்ட விதை எதிலும் ஒட்டிக்கொள்ளும். மாட்டுக் குளம்பிலும் ஒட்டும், உன் காலிலும் ஒட்டும். கத்திரி நாற்று ஒன்றுக்கு இது மூன்று. அன்று காலை நான் துண்டில் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் நீ என்னைக் கூப்பிட்டாய். கையில் ஒரு செடி, வேரும் மண்ணுமாக.

"வாத்தி, இது பேரு இன்னா சொன்ன?"

நான் லத்தீன் பெயரைச் சொன்னேன். கேட்டது நீயாக இருந்தாலும் பாடம் கேட்டால் பதில் சொல்லிவிடும் பழக்கம்.

"ருவெல்லியாவா, குருவெல்லியாவா? பாரு, பூண்டுக்குக் கீழ கெழங்கு வெச்சிக்கினு கீது. பட்டாசுப் பூண்டு! மேல வெடிக்கிது, கீழ பதுங்குது. உன்ன மாதிரியேதான்டா, வெளிய சாது!" என்று அதை என் நெஞ்சில் எறிந்தாய். சட்டையெல்லாம் சேறு. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் குனிந்து அதை எடுத்தேன். என் விரல் பருமனுக்கு ஏழெட்டுக் கிழங்குகள், கொத்தாக. அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் வளர்த்தது நாட்டுச் செடி இல்லை. இரண்டு அங்குலம் என்று அளவுகோல் சொன்னது சரி.

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "இது நம்ம மண்ணோட பூ. உங்களுக்குத் தெரியலன்னா அதுக்குப் பூ பொறுப்பில்ல" என்றேன். வாழ்நாளில் நான் உன்னை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு முறைதான். அதுவும் பொய்.

நீ மட்டும் அதை எறியாமல் கையில் கொடுத்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? மூன்று வருஷமாக இதைக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

அதன்பின் மூன்று மழைக்காலம் நீ அதைப் பிடுங்கினாய். தழையைப் பிடித்து இழுத்தாய், தண்டு முறிந்தது, கிழங்கு மண்ணுக்குள் நின்றது, எட்டாம் நாள் மறுபடி துளிர்த்தது. கடப்பாரையால் ஒரு முழம் தோண்டிக் கிழங்கோடு எடுத்தால் மட்டுமே அது சாகும் என்று எனக்குத் தெரியும். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ குனிவாய், இழுப்பாய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாய், என்னைத் திட்டுவாய். நீ திட்டத் திட்ட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு கிழங்கு சரியாகப்போயிற்று என்று வைத்துக்கொண்டேன். உன்னோடு அண்ணியும் குனிந்து பிடுங்கினார் என்பதை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

நீ செடியை எறிந்த அதே வருஷம், வானகரத்துக்குப் போகும் சாலையோரச் சரளை மேட்டில், உண்மையான கிரந்திநாயகத்தைப் பார்த்தேன். ஒரு அங்குலம். இலையில் பூனைமயிர். காய்க்குள் விதை கொஞ்சம்தான். வெடித்தாலும் காலடியிலேயே விழும். பாத்தியைப் பிடிக்கிற செடி இல்லை அது. விதைத்தாலும் வளர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும். ஒரு கைப்பிடி விதையில் மூன்றுதான் முளைத்தன; மறு வருஷம் நாலு; அதற்கடுத்த வருஷம் நாலு. மொத்தம் பதினொன்று. அவற்றைத் துண்டிலேயே, அந்தப் பொய்ச் செடிகளுக்கு நடுவிலேயே நட்டேன். தனியாக நட்டால் ஏன் என்று கேட்பாய். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

ஐப்பசி பிறந்தபோது உன் முதுகில் ராஜபிளவைக் கட்டி கண்டது. குப்புறப் படுத்த நீ எழுந்திருக்கவில்லை. நான் தினமும் வந்து உட்கார்ந்தேன். நீ சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். கடைசி நாளுக்கு முந்தின நாள் எல்லோரையும் கூப்பிட்டாய். பெரிய பங்காளி துரைசாமி, அண்ணி, நான் மூவரும் நின்றோம். "அந்தத் துண்டு மொத்தமா காலியாவணும். தும்பைய வோணும்னா வுட்டுடுங்க. ஊதாப் பூண்டு ஒண்ணு நிக்கக் கூடாது. ஆள் வெச்சு எடுக்கக் கூடாது. இவன் கையால, இவனே எடுக்கணும்" என்றாய். நிலப் பங்கீடு பற்றிச் சொல்லவில்லை, அண்ணியைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லவில்லை. உன் கடைசி மூச்சில் என்னைக் குனியவைப்பதைப் பற்றி யோசித்தாய்.

நம் குடும்பத்து வழக்கம் உனக்குத் தெரிந்தே சொன்னாய். சாகிறவன் கடைசியாகச் சொன்ன வேலை பதினாறாம் நாள் காரியத்துக்குள் முடிய வேண்டும். முடிந்தது என்று பங்காளிகள் முன்னால் சொன்ன பிறகுதான் பந்தி வைப்பார்கள். அப்பா கடைசியாக மாட்டுக் கொட்டகைக் கூரையை மாற்றச் சொன்னார் என்று அடைமழையில் நாம் இருவரும் கீற்று கட்டினோமே.

நான் கடப்பாரை எடுத்தேன். அறுபத்திரண்டு வயதில் முதல் முறையாக. ஒவ்வொரு செடியாகத் தோண்டினேன். ஆனால் பதினொன்றை என்ன செய்வது? அவை எவை? அடைமழையில் இரண்டு இனமும் ஒரே உயரம், ஒரே பச்சை. பூவை மழை உதிர்த்திருந்தது. நான் நட்டபோது வைத்த அடையாளக் குச்சிகளைக் கறையான் தின்றுவிட்டது. இலையின் பூனைமயிர் ஒன்றுதான் வித்தியாசம். என் விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. கண்ணும் முன்போல் இல்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மண்டியிட்டு, ஒவ்வொரு செடியின் இலையையும் உதட்டில் ஒற்றிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தால் கடப்பாரை. மெத்தென்று இருந்தால் ஒரு கல்லை அருகில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவேன்.

ஏழாம் நாள் அண்ணி கஞ்சி கொண்டுவந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி, செடிக்கு முத்தம் குடுத்துகினு கீறீங்க? கட்டின பொண்டாட்டிக்குக் குடுத்தீங்களா?"

துக்க வீட்டில் அவர் பேசிய முதல் வேடிக்கை அது. நான் அடுத்த செடிக்கு நகர்ந்தேன். "காலி பண்ணச் சொன்னாரு. நீங்க கல்லு வெச்சிகினு கீறீங்க" என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

"வேற வேற செடி அண்ணி" என்றேன். அவர் கஞ்சியை வைத்துவிட்டுப் போனார்.

பதினாலாம் நாள் மாலைக்குள் வழவழப்பானவை எல்லாம் வெளியே வந்துவிட்டன. கிழங்குகளைக் குவித்தபோது ஒரு கூடைக்குமேல் இருந்தது. நடுவில் பதினொரு கற்கள். அதில் ஒன்றை, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, மண்ணோடு கெல்லி எடுத்து வேரைப் பார்த்தேன். கட்டை வேர். கிழங்கு இல்லை. மறுபடி நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அது சாகவில்லை. எத்தனை வருஷம் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை!

பதினைந்தாம் நாள் முழுவதும் கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கற்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிடுங்கிவிட்டால் கால் மணி நேர வேலை. வானகரத்து மேட்டைச் சாலை போடுகிறவர்கள் அதற்குள் வெட்டி எடுத்துவிட்டார்கள். மறுபடி விதை கிடைக்காது. வேரோடு பூந்தமல்லிக்குக் கொண்டுபோகலாம் என்றால் என் வீட்டைச் சுற்றிக் கையகல மண் கிடையாது. உன் கொல்லைச் சரளைதான் அதற்கு இடம். அதாவது, உன் சொல்லை மீறினால்தான் அது இருக்கும்.

பதினாறாம் நாள் பந்தலில் துரைசாமி கேட்டார். "சபாபதி, உங்கண்ணன் சொன்னது ஆச்சா?"

"பாதி ஆச்சு" என்றேன்.

"இன்னாது, பாதியா?"

"பதினோரு செடி நிக்கிது. அத எடுக்க மாட்டேன்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பந்தலில் சத்தம் எழுந்தது. "செத்தவன் வாய்ச் சொல்லுடா!" "படிச்ச திமிரு!" "பூவுக்காக அண்ணன் காரியத்த நிறுத்துவியா? சோறு ஆறுது!" என்று ஒருவர் மாற்றி ஒருவர். துரைசாமி கையை உயர்த்தி, "ஏன் மாட்ட, அதச் சொல்லு" என்றார்.

ஏன் என்று சொல்வதற்கு ஒரே வழிதான் இருந்தது. சொன்னேன். "அண்ணாத்தே பிடுங்கினது சரி. நான் வெச்சது தப்புச் செடி. சீமைச் செடி. கத்திரியக் கெடுத்தது அதுதான். அத மொத்தமா எடுத்துட்டேன். நிக்கிற பதினொண்ணு வேற. அது பாத்திக்கு வராது, வண்ட மட்டும் கூட்டிக்கினு வரும். தப்புன்னு எனக்கு மூணு வருஷமா தெரியும். தோண்டினாதான் சாவும்னும் தெரியும். அவருகிட்ட சொல்லல."

யாரும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணி எழுந்து வந்தார்.

"மூணு வருஷமா தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"நான் குனிஞ்சி குனிஞ்சி புடுங்கினத பாத்துகினுதான இருந்தீங்க."

"ஆமாம்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். நீ என்னைப் பார்த்ததில் எப்போதும் ஒரு கேலி இருக்கும். அதற்கு நான் பழகியிருந்தேன். இதில் ஒன்றுமே இல்லை. துரைசாமி பக்கம் திரும்பி, "மாமா, பந்தி போடச் சொல்லுங்க. பூசணிக்கு வண்டு வோணும். விடியக்காத்தால கொடிக்குள்ள குனியறது அவரு இல்ல, நானு. அந்தப் பதினொண்ணு நிக்கட்டும்" என்றார். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல்: "ஆனா கத்திரிப் பாத்தில கீற கெழங்கு ஒண்ணு வுடாம நீங்கதான் எடுக்கணும். ஆள் கெடயாது. அது முடியிற வரைக்கும் என் ஊட்ல உங்களுக்குத் தண்ணி கெடயாது."

அன்று பந்தியில் நான் உட்காரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

இப்போது தை மாதம். பாத்திகள் பதினாலு. இதுவரை இரண்டு முடித்திருக்கிறேன். முதலாவதில் மறுபடி துளிர் தெரிகிறது, ஏதோ ஒரு துண்டை விட்டிருக்கிறேன். காலையில் பூந்தமல்லியிலிருந்து சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன். அண்ணி வழியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வதில்லை, பேசுவதும் இல்லை. பதினொன்றில் ஒன்பது பூத்தன. அளந்தேன்: ஒரு அங்குலம், ஒரு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு, ஒரு அங்குலம். நேற்று ஒரு தேனீ அதிலிருந்து எழுந்து பூசணிப் பூவுக்குள் போனதைப் பார்த்தேன். ஒரு தேனீதான். இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

தோண்டும்போது உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன், நல்லபடியாக அல்ல. கடப்பாரை கல்லில் பட்டுக் கை அதிரும்போதெல்லாம் நீ சொன்ன ஒரு வசவு நினைவுக்கு வருகிறது. அதற்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதிலைப் பாத்திக்குச் சொல்கிறேன். நிறைய பதில்கள் சேர்ந்திருக்கின்றன. கன்றுக்குட்டிக்கும் சேர்த்துச் சொல்லியாயிற்று. நான் உன்னை மன்னிக்கவில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றும் இதில் எங்கும் நான் கேட்கவில்லை. திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் சொல்லாமல் விட்டதால் நீ மூன்று மழைக்காலம் வீணாகக் குனிந்தாய். அந்த மூன்று மழைக்காலத்தையும் உன் பாத்தியில் நான் குனிந்து திருப்பித் தருவேன். மூன்றுக்குமேல் ஒரு நாள்கூட உனக்காக இல்லை. அதற்கப்புறமும் கிழங்கு மிச்சமிருந்தால் அண்ணிக்காகத் தோண்டுவேன். அதற்குள் நான் போய்விட்டால், அங்கே வந்து நேரில் திட்டு வாங்கிக்கொள்கிறேன். இந்தத் தடவை பதிலுக்குப் பதில் கிடைக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உனக்குப் பின் பிறந்த ஒரே தம்பி
சபாபதி